வலிப்பு மாத்திரை: கம்பம், கூடலூர், குமுளி பக்கத்துக் கேள்விகள்

கேள்வி: அண்ணே, ஏலத்தோட்டத்து ஜீப் விடிகாலை நாலரைக்கே வந்துருது. லெவெடிராசிட்டம் 500 ரெண்டு வேளை. ராத்திரி எட்டுக்குப் போடுறேன். காலை மாத்திரையத் தோட்டத்துல பத்து மணிக்குச் சாப்பிட்டுப் போடலாமா?

பதில்: வேண்டாம். ஏழெட்டு மணி நேரத்தில் இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகிவிடும். நீங்கள் விடுவது பதினாலு மணி நேர இடைவெளி. இதற்கு வயிற்றில் சோறு இருக்க வேண்டிய கட்டாயமில்லை. நாலு மணிக்குத் தண்ணீரோடு விழுங்குங்கள், அடுத்தது மாலை நாலு மணிக்கு. ஒருவேளைக்கானதை முடிச்சில் வைத்துக்கொள்ளுங்கள், மலைப்பாதையில் ஜீப் நின்றுபோகும். தூக்கம் கெட்டாலும் வலிப்பு வரும், எனவே சீக்கிரம் படுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு ஃபினைட்டாயின் 300. போன வாரம் மறுபடி வந்துச்சு. இன்னொரு 100 சேர்த்துக் குடுக்கவா? குமுளிக் கடையில வேற கம்பெனி மாத்திரை குடுத்தாங்க.

பதில்: நீங்களாகச் சேர்க்காதீர்கள். ஃபினைட்டாயினை உடைக்கக் கல்லீரலுக்கு ஓர் எல்லை உண்டு. மதகு முழுக்கத் திறந்த பிறகும் வரத்து கூடினால் அணையில் மட்டம் ஏறுவதுபோல, எல்லை தாண்டியதும் ரத்த அளவு திடீரென்று எகிறும். 300 போட்டவருக்கு 400 கொடுத்தால் அளவு இரட்டிப்பாகவும் கூடும். கண் ஆட்டம், தள்ளாட்டம், குழறல் வரும், குடித்திருக்கிறார் என்று ஊர் நினைக்கும். 50 மில்லிகிராம் மாத்திரை இருப்பதே சிறிது சிறிதாக ஏற்றத்தான்.

முதலில் ரத்தப் பரிசோதனை. அடுத்த வேளை மாத்திரைக்கு முன் எடுக்க வேண்டும். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை சரியான அளவு. வேளை தவறியதா, கம்பெனி மாறியதா, காசநோய் மாத்திரை சேர்ந்ததா என்றும் டாக்டரிடம் சொல்லுங்கள். மற்ற மருந்துகளைவிட இதில்தான் கம்பெனி மாற்றம் உறைக்கும். பழைய அட்டையைக் காட்டி அதையே கேளுங்கள். ஈறு தடித்தால் பல் டாக்டரைப் பாருங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: மனைவி ரெண்டு மாசம். சோடியம் வால்புரோயேட் போடுறா. இன்னைக்கே நிறுத்திடலாமா?

பதில்: கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு நிற்காமல் தொடர்ந்து தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்தாகலாம். நரம்பியல் டாக்டரை இந்த வாரமே பாருங்கள். வால்புரோயேட்டின் அளவு கூடக்கூடக் குழந்தைக்குக் குறைபாடு வரும் வாய்ப்பும் கூடும். முதுகுத்தண்டு மூடுவது கரு உண்டாகி நாலு வாரத்துக்குள். அதனால் மாத்திரையை மாற்றுவதும் ஃபோலிக் அமிலம் தொடங்குவதும் கர்ப்பத்துக்கு முன்பே நடக்க வேண்டியவை. இந்த விஷயத்துக்கென்றே திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவமனையில் 1998 முதல் பதிவேடு நடத்துகிறார்கள். எல்லை தாண்டிப் போக முடிந்தால் அங்கே கேளுங்கள்.

கேள்வி: மகனுக்கு 20 கிலோ. மூக்கு ஸ்ப்ரே எழுதிக் குடுத்திருக்காங்க. எப்ப அடிக்கணும்? சாவி குடுக்கலாமா?

பதில்: சாவி, இரும்பு, தண்ணீர் எதுவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து மணி பாருங்கள். வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினால் மிடாசோலம், அதாவது அந்த மூக்கு ஸ்ப்ரே. வழக்கமாகக் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், உங்கள் மகனுக்கு 4. ஓர் அழுத்தலுக்கு 0.5 என்றால் எட்டு அழுத்தல், மூக்குத் துளைக்கு நாலு. 1.25 பாட்டிலும் கடையில் உண்டு, அதில் எட்டு அடித்தால் மூச்சு அடங்கக்கூடும். பாட்டிலையும் சீட்டையும் ஒப்பிட்டு, எத்தனை அழுத்தல் என்று பாட்டிலின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். புதுப் பாட்டிலைக் காற்றில் அழுத்தித் துளி வருகிறதா என்று முன்பே பாருங்கள். அடித்தும் நிற்காவிட்டால் 108.