வித்வானின் பழைய காகிதங்களில் எதைக் கழிக்கலாம்?

கேள்வி: பாலக்காடு கல்பாத்தி வீட்டைக் காலி செய்கிறோம். மிருதங்க வித்வானான தாத்தாவின் டிரங்குப் பெட்டி நிறையக் காகிதம். எதை வைத்துக்கொள்வது?

இப்போதைக்கு எதையும் கழிக்காதீர்கள். கனடாவின் பியானோ மேதை கிளென் கூல்ட் 1964இல், 31 வயதில், மேடைக் கச்சேரியை விட்டவர், 1982இல் மறைந்தார். அவருடைய காகிதங்கள் ஒட்டாவாவில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கடிதங்களும் ஒலிநாடாக்களும் இருப்பதில் வியப்பில்லை. ஆனால் தன் ரத்த அழுத்தத்தைக்கூட அவர் குறித்துவைத்தாரே, அந்தக் கிறுக்கல்கள்தான் ஆளைக் காட்டுகின்றன!

உங்கள் பெட்டியிலும் அப்படித்தான். பொன்னாடைப் படம் எல்லார் வீட்டிலும் உண்டு. வலந்தலைக்கு, அதாவது மிருதங்கத்தின் வலப்பக்கத்துக்கு, தோல் மாற்றிய கூலிக் கணக்குச் சீட்டு கிடைத்தால் விடாதீர்கள். மிருதங்கம் செய்து கொடுத்தவர் பெயரைக் கச்சேரி நோட்டீஸில் பார்ப்பது அரிது; இந்தச் சீட்டில் அது இருக்கலாம். வானொலி ஒப்பந்தத் தாளில் தேதியும் சன்மானமும் இருக்கும்.

அவர் கட்டிவைத்த வரிசையைக் கலைக்காதீர்கள். துருப்பிடித்த குண்டூசியை எடுத்துவிடுங்கள். படத்தின் பின்னால் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். ஸ்பூல் டேப்பில் வினிகர் நெடி அடித்தால், மற்ற வேலை கிடக்கட்டும், அதை முதலில் டிஜிட்டலாக்குங்கள். இடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) முன் பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள். பூஞ்சையும் காகிதம் தின்னும் ராமபாணப் பூச்சியும் காத்திருக்கின்றன.