கிரவுன் பினியன் மாற்ற எந்தப் பட்டறை?

கேள்வி: என்னுடையது ஃபோர் வீல் டிரைவ் பிக்கப். 31 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 35 அங்குலம் போட்டதிலிருந்து மேட்டில் வண்டி திணறுகிறது. டிஃபரன்ஷியல் விகிதம் (கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்துக்கும் அதைச் சுற்றிவிடும் சின்னப் பினியனுக்கும் உள்ள பல் விகிதம்) 3.73. அதை 4.56 ஆக்கச் சொல்கிறார்கள். ஒரு பட்டறைக்காரர் முன், பின் இரண்டையும் ஒரே நாளில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். இன்னொருவர் நாலு நாள் கேட்கிறார், கூலியும் அதிகம். யாரை நம்புவது?

பதில்: முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 3.73ஐ 35ஆல் பெருக்கி 31ஆல் வகுத்தால் 4.21 வருகிறது. பழைய இழுவை திரும்பக் கிடைக்க அவ்வளவு வேண்டும், பெரிய டயர் கனமும் கூட என்பதால் 4.56 நல்ல யோசனைதான். முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருந்தாக வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ஃபோர் வீலில் போட்டால் இரண்டு அச்சும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, இரண்டுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸையே உடைத்துவிடும்.

சரி, பட்டறைக்கு வருவோம். நாட்களையும் கூலியையும் வைத்து முடிவு செய்யாதீர்கள், எப்படி அளப்பார்கள் என்று இரண்டு பேரிடமும் கேளுங்கள். பினியன் எவ்வளவு ஆழத்தில் உட்காருகிறது என்பதை ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்ய வேண்டும், கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவிலுள்ள ஆட்டத்தை நுண்ணிய அளவு காட்டும் டயல் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும் (பல வண்டிகளில் இது 0.15 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் இருக்கும், உங்கள் வண்டிக்கான அளவு சர்வீஸ் மேனுவலில் உண்டு), பினியன் பேரிங்கின் இறுக்கத்தையும் அதற்கான டார்க் ரெஞ்சில் பார்க்க வேண்டும். அப்புறம் பல்லில் தடம் பார்ப்பதற்கான மஞ்சள் நிறப் பேஸ்ட் தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்ப்பார்கள். விழாவிட்டால் எல்லாவற்றையும் பிரித்து ஷிம் மாற்றி மறுபடி பூட்ட வேண்டும், நாள் பிடிப்பது இதனால்தான். "கையால் ஆட்டிப் பார்த்தாலே எனக்குத் தெரியும்" என்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

நான் இதில் ஒரு முறை நன்றாகவே அடிபட்டேன். பழைய பேரிங்கையே திரும்பப் போட்டு மூடிவிட்டார்கள், வண்டி 70ஐத் தாண்டினாலே ஊளையிடும். ஓட ஓடச் சரியாகிவிடும் என்றார்கள், நானும் நம்பி ஓட்டினேன். திறந்து பார்த்தபோது புதுக் கிரவுனின் பல் ஓரம் தேய்ந்து போயிருந்தது, மொத்த செட்டையும் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. அந்த ஊளை ஒருநாளும் தானாகச் சரியாகாது. ஆகவே பேரிங், சீல், கிரஷ் ஸ்லீவ் (பினியன் பேரிங்குகளுக்கு நடுவில் நசுங்கி இறுக்கத்தை நிலைநிறுத்தும் குழாய்) எல்லாம் புதிதா என்று கேளுங்கள். கிரஷ் ஸ்லீவ் ஒரு தடவை நசுங்கினால் அதோடு சரி, திரும்பப் பயன்படாது.

சில வண்டிகளில் விகிதம் ஓர் அளவைத் தாண்டினால் கிரவுனைத் தாங்கும் கேரியரையும் மாற்ற வேண்டியிருக்கும். நீங்கள் கேட்காமலேயே இதைச் சொல்கிறவர் இந்த வேலையை நிறையச் செய்தவர் என்று தைரியமாக நம்பலாம். வேலை முடிந்ததும் ஆட்டத்தின் அளவை எழுதிக் கொடுப்பாரா, பேஸ்ட் தடத்தைப் படமெடுத்துத் தருவாரா, சத்தம் வந்தால் மறுபடி கூலி வாங்காமல் பிரித்துப் பார்ப்பாரா என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். ஸ்பீடோமீட்டரில் புது விகிதத்தையும் டயர் அளவையும் ஏற்றச் சொல்ல மறக்காதீர்கள்.

வண்டி கைக்கு வந்ததும் 20 நிமிடம் மெதுவாக ஓட்டி, நிறுத்தி, நன்றாக ஆறவிடுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்யுங்கள். முதல் 800 கிலோமீட்டருக்குப் பாரம் இழுக்க வேண்டாம், அது முடிந்ததும் கியர் ஆயிலை மாற்றுங்கள். பழைய ஆயிலை இறக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். டிஃபரன்ஷியலில் உள்ள காந்தத்தில் இரும்புத் தூள் மாவு மாதிரி ஒட்டியிருந்தால் பயமில்லை, துணுக்காக வந்தால் வண்டியை மேற்கொண்டு ஓட்டாமல் பட்டறைக்காரரைக் கூப்பிட்டு அங்கேயே காட்டுங்கள்.