பதில்: மேலூர்ல இருக்க சித்தி விதவை பென்ஷன் வாங்க மாட்டேங்குறாங்க, என்ன பண்ண

தம்பி, சித்தப்பா போயி ஒரு வருஷமாச்சு, சித்தி "கையேந்த மாட்டேன், ஊர்ல என்ன பேசுவாய்ங்க"னு மனு போட மறுக்குறாங்கனு எழுதிருக்கீங்க. எங்க அம்மாவும் இதே கதைதான், ரெண்டு வருஷம் வீம்பு. ஒருநாள் கேட்டேன், டவுன் பஸ்ல காசு குடுக்காம ஏறுறியே, ரேசன் அரிசி வாங்குறியே, அதெல்லாம் பிச்சையா, சோப்பு வாங்குனாக்கூட வரி கட்டுறோம்ல, அந்தக் காசுதானம்மா திரும்பி வருதுனு சொன்னேன், அன்னைக்கு முறைச்சாங்க, மறுவாரம் தானே பாஸ்புக்க எடுத்து வச்சாங்க!

விதவை பென்ஷன் மாசம் ஆயிரமா இருந்தத 2023 ஆகஸ்ட்ல 1200 ஆக்குனாய்ங்க. சிலிண்டருக்காவது ஆகும்ல.

ஆதார், ரேசன் கார்டு, சித்தப்பாவோட இறப்புச் சான்றிதழ், பாஸ்புக், போட்டோ எடுத்துட்டு இ-சேவை மையத்துல பதியுங்க, ஒப்புகை நம்பர பத்திரமா வைங்க. புரோக்கர்கிட்ட மட்டும் போயிராதீங்க. அப்புறம் விஏஓ விசாரிப்பாரு, தாலுகா ஆபீஸ்ல சமூகப் பாதுகாப்புத் திட்ட தனி தாசில்தார்தான் முடிவு பண்ணுவாரு. பேர்ல எழுத்து மாறிருந்தா அங்கதான் இழுக்கும், ஆதாரையும் பாஸ்புக்கையும் முதல்லயே ஒத்துப் பாத்துருங்க. மகளிர் உரிமைத்தொகை வாங்குறாங்கன்னா அதயும் மறைக்காம சொல்லிருங்க, ரெண்டும் சேந்து ஒரே ஆளுக்கு வராது.

தள்ளுபடி பண்ணா காரணத்த எழுத்துல கேளுங்க. இழுத்தடிச்சா முதலமைச்சர் உதவி மைய நம்பர் 1100க்கு போன் போடுங்க, இல்லன்னா திங்கக்கிழமை மதுரை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு சித்திய கூட்டிட்டுப் போங்க, அங்க வர்ற கூட்டத்தப் பாத்தாலே கூச்சம் பாதி போயிரும்.