30 நாளில் ஒரு நாவல் எழுதும் சவாலில் சேரலாமா? அவசரத்தில் தரம் கெட்டுவிடாதா?

சேருங்கள். இப்படிக் கேட்கிறீர்கள் என்றால், கையில் ஒரு கதை இருக்கிறது, அதன் முதல் அத்தியாயத்தையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் 6 வருடம் அதைத்தான் செய்தேன். ஒரே அத்தியாயம், 14 வடிவங்கள். இரண்டாவது அத்தியாயத்துக்கு நான் போகவே இல்லை.

1999இல் அமெரிக்காவில் 21 பேர் சேர்ந்து தொடங்கிய வழக்கம் இது. ஒரு மாதத்தில் 50,000 சொற்கள், அதாவது நாளுக்கு 1,667. நானும் இரண்டு நண்பர்களும் அதே கணக்கை எடுத்துக்கொண்டோம். தமிழுக்கு அது பொருந்தாது என்பது நாலாம் நாளே தெரிந்துவிட்டது. ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கும்’ என்று நாம் ஒரே சொல்லில் முடிப்பதற்கு ஆங்கிலத்தில் ஐந்தாறு சொற்கள் வேண்டும். (சேர்த்து எழுத வேண்டியதைப் பிரித்து எழுதி எண்ணிக்கையைக் கூட்டலாம். நண்பர் ஒருவர் அப்படித்தான் செய்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை.) நீங்கள் 35,000 என்று வைத்துக்கொண்டாலே போதும்.

நான் எழுதியது அதிகாலை நாலரையிலிருந்து ஆறரை வரை, அதன் பிறகு வேலை. ஒரே ஒரு விதி: பின்னால் போய்த் திருத்தக் கூடாது. பெயர் மறந்தால் ‘மாமா பெயர்’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு மேலே போக வேண்டும். 11ஆம் நாள் கதை நின்றுவிட்டது. கதாநாயகன் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும், ஆனால் அவன் கிளம்ப என்னிடம் காரணம் இல்லை. அன்றைய கணக்கை முடித்தாக வேண்டுமே என்று அவனுடைய அக்காவை வாசலில் உட்காரவைத்துப் பேசவிட்டேன். 14 வடிவங்களிலும் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகிறவள் அவள். அன்று 2,300 சொற்கள் பேசினாள். தம்பி படிக்கட்டும் என்று தன் படிப்பை நிறுத்தினார்களே, அப்போது தன்னை யாருமே ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றாள். எழுதி முடித்தபோது கை நடுங்கியது. நாவல் அவளுடையது என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. நிதானமாக யோசித்திருந்தால், ‘இது கதைக்குத் தேவையில்லை’ என்று அவள் வாய் திறக்கும் முன்பே நான் அடக்கியிருப்பேன்.

28ஆம் நாள் 50,000ஐத் தாண்டினேன்.

“இதெல்லாம் இலக்கியமா?” என்று சிலர் சண்டைக்கு வருவார்கள், தெரியும். 30 நாளில் முடிந்தது முதல் வரைவுதான். திருத்த 16 மாதம் ஆனது, அதில் 20,000 சொற்களை வெட்டி எறிந்தேன். 1866இல் பதிப்பாளர் வைத்த கெடு கழுத்தை நெரிக்க, ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி ‘சூதாடி’ நாவலை 26 நாளில் சொல்லி முடித்தார், அன்னா என்ற சுருக்கெழுத்தாளர் அதை எழுதிக்கொண்டார். ஆனால் அந்தக் கதையின் கரு 1863லேயே அவர் மனதில் இருந்தது. அவரோடு என்னை ஒப்பிட்டுக்கொள்ளவில்லை. பல வருடம் உள்ளே கிடந்தது சில நாளில் வெளியே வரலாம், அதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து உறுத்துகிறது. திருத்திய பிரதியை ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். கூட வைத்த கடிதத்தில் 30 நாள் சவாலைப் பற்றி மறைக்காமல் எழுதியிருந்தேன். ஒரு வருடம் பதிலே இல்லை. தொலைபேசியில் கேட்டால், “ஓ, அந்த முப்பது நாள் நாவலா? அதையெல்லாம் நாங்கள் படிப்பதில்லை சார்” என்கிறார் பதிப்பாளர். கடிதத்தைப் படித்ததோடு நிறுத்திவிட்டார். வேண்டாம் என்றால் முதல் வாரமே ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? எழுதுகிறவன் காத்திருப்பது இவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் எத்தனை நாளில் எழுதினீர்கள் என்று எந்தப் பதிப்பாளரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

சேர்வது என்று முடிவெடுத்தால், கையில் இருக்கும் அந்த முதல் அத்தியாயத்தைத் திறக்கவே வேண்டாம். இரண்டாவதிலிருந்து தொடங்குங்கள்.