வழக்குப் போடாத ஊருக்குப் பணம் நிற்குமா? ஃப்ரீமான்ட்டுக்கு வரும் ஒருவருக்குப் பதில்

தம்பி, உங்கள் கேள்வி இதுதானே: குடும்பத்தோடு ஃப்ரீமான்ட்டுக்கு வருகிறீர்கள். கலிஃபோர்னியாவில் 950 டாலர் வரை திருடினால் கேஸே கிடையாது, அதனால் வாஷிங்டன், அதாவது ஃபெடரல் அரசு, இந்த ஊர்களுக்குப் பணத்தை நிறுத்தப் போகிறது என்று டெக்சாஸில் இருக்கும் உங்கள் மைத்துனர் சொல்கிறார். பிள்ளையின் பள்ளிக்கூடம் என்ன ஆகும், பேசாமல் டல்லாஸ் பக்கமே வேலை தேடிவிடலாமா?

முதலில் அந்த 950 டாலர் கதை. 2014-இல் மக்கள் ஓட்டெடுப்பில் வென்ற 47-ஆம் முன்மொழிவு, அந்தத் தொகைக்கு உட்பட்ட திருட்டைச் சிறு குற்றமாக்கியது. சிறு குற்றமும் குற்றம்தான், ஆறு மாதம் வரை உள்ளே போகலாம். டெக்சாஸில் திருட்டு பெருங்குற்றமாக எத்தனை டாலர் வேண்டும் என்று மைத்துனரிடம் கேட்டுப் பாருங்கள். 2,500! இங்கே 2024 நவம்பரில் 36-ஆம் முன்மொழிவும் வந்துவிட்டது. ஏற்கெனவே இரண்டு முறை திருட்டில் தண்டனை பெற்றவர் மறுபடி திருடினால், பொருள் எவ்வளவு சின்னதானாலும் பெருங்குற்றமாக வழக்குப் போடலாம். கிட்டத்தட்ட 68 சதவீதம் பேர் அதற்கு ஓட்டுப் போட்டார்கள்.

சரி, சட்டம் இருந்தாலும் வழக்குப் போட ஆள் வேண்டுமே என்பீர்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது. நம்மூரில் அரசு வழக்கறிஞரை அரசு நியமிக்கும். இங்கே வழக்குப் போடுவதா விடுவதா என்று தீர்மானிக்கும் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னியை, டி.ஏ. என்பார்கள், கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். மேயர் அவருக்கு உத்தரவு போட முடியாது. போலீஸோ சிட்டியுடையது. ஃப்ரீமான்ட் போலீஸ் ஒருவனைப் பிடித்தால், கேஸ் போவது அலமீடா கவுன்ட்டி டி.ஏ.விடம். ஓக்லாண்டுக்கும் அவரேதான்.

இப்போது யோசியுங்கள். டி.ஏ. வழக்குப் போடவில்லை என்று ஃப்ரீமான்ட்டின் நிதியை நிறுத்தினால், அடி விழுவது திருடனைப் பிடித்துக் கொடுத்த போலீஸுக்கு. போலீஸின் கருவிகளுக்கும் பயிற்சிக்கும் கொடுக்கும் ஃபெடரல் மானியங்கள்தான் இந்த மாதிரிச் சண்டைகளில் முதலில் மாட்டுகின்றன. டி.ஏ.வின் நாற்காலி ஆடாது. எனக்கு இந்த யோசனை ஒப்பாததற்குக் காரணம் இதுதான். பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று மத்திய அரசு சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின் பணத்தை நிறுத்தி வைத்ததைப் பார்த்தவர்தானே நீங்கள். கஷ்டப்பட்டது யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வாஷிங்டன் முயற்சி செய்யாமல் இல்லை. 2017-இல் குடியேற்ற விவகாரத்தில் ஃபெடரல் அதிகாரிகளுக்கு ஒத்துழைக்காத ஊர்களை 'சரணாலய நகரங்கள்' என்று சொல்லி நிதியை நிறுத்த டிரம்ப் உத்தரவு போட்டார். சான் ஃபிரான்சிஸ்கோவும் சாண்டா கிளாரா கவுன்ட்டியும் வழக்குப் போட, நீதிபதி வில்லியம் ஆரிக் தடுத்தார். 2020-இல் நியூயார்க், போர்ட்லாண்ட், சியாட்டில் மூன்றையும் அராஜக ஊர்கள் என்றே பட்டியல் போட்டார்கள். அடுத்த ஆண்டு பைடன் வந்து அதை ரத்து செய்தார். 2025-இல் மறுபடியும் சரணாலய உத்தரவு, மறுபடியும் அதே ஆரிக்கின் தடை. அந்த ஆகஸ்டில், பணம் கட்டாமலே ஜாமீன் கொடுக்கும் ஊர்களைப் பட்டியலிட்டு நிதியை நிறுத்தலாமா பார் என்று இன்னொரு உத்தரவு.

நீதிமன்றத்தில் இவை சிக்குவதற்குக் காரணம் உண்டு. பணத்துக்கு நிபந்தனை போடும் அதிகாரம் காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, அதிபருக்கு இல்லை. காங்கிரஸும் நினைத்தபடி போட முடியாது. குடிக்கும் வயதை 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் 5 சதவீதம் வெட்டு என்ற நிபந்தனையை 1987-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. நிபந்தனை தெளிவாக இருக்க வேண்டும், நிதியின் நோக்கத்தோடு ஒட்ட வேண்டும், கழுத்தைப் பிடிப்பதாக இருக்கக் கூடாது என்றும் அப்போதே சொல்லிவிட்டது.

பள்ளிக்கூடம் பற்றிக் கவலை வேண்டாம். அதன் பணம் பெரும்பாலும் மாநிலத்திடமிருந்தும் சொத்து வரியிலிருந்தும் வருகிறது. ஃபெடரல் பங்கு சின்னது.

டி.ஏ. சரியில்லை என்றால் மக்களே இறக்குகிறார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் 2022 ஜூனில் செஸா பூடினை, உங்கள் அலமீடா கவுன்ட்டியிலேயே 2024 நவம்பரில் பமேலா பிரைஸை, பதவிக்காலம் முடியும் முன்பே ஓட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். எச்1பி வேலை விசாவில் இருக்கும் நமக்கு அந்த ஓட்டு கிடையாது. ஆனால் கார் கண்ணாடியை உடைத்தால் புகார் கொடுக்கலாம். நம்மவர்கள் பலர் "என்ன ஆகப் போகிறது" என்று கொடுப்பதே இல்லை. பல சிட்டிகளில் ஆன்லைனிலேயே முடிந்துவிடும், இன்ஷூரன்ஸுக்கும் அந்தப் புகார் எண் உதவும். சான் ஃபிரான்சிஸ்கோ சுற்றிப் பார்க்கப் போனால் லேப்டாப் பையைக் காரில் வைக்காதீர்கள், டிக்கியிலும்தான்.

பக்கத்து ஊர் மில்பிடாஸ் சாண்டா கிளாரா கவுன்ட்டி, அங்கே டி.ஏ. வேறு. வீட்டை வாடகை, பள்ளி, ஆபீஸ் தூரம் பார்த்து எடுங்கள். டி.ஏ.வைப் பார்த்து வீடு எடுத்த ஆளை நான் இதுவரை சந்தித்ததில்லை.