எங்கெல்லாம் ஸ்கி போயிருக்க வேண்டும் என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உமது கேள்வியை மனிசிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நீர் ஒஸ்லோவுக்கு வந்து எட்டு மாதம். வேலைத்தலத்தில் மதியச் சாப்பாட்டு மேசையில் நவம்பர் தொடங்கியதிலிருந்து ஒரே ஸ்கிக் கதை. ஒருவர் ஹெம்செடால் என்கிறார், ஒருவர் த்ரீசில் என்கிறார், இன்னொருவர் ஆல்ப்ஸுக்கே போய் வந்தவர். நீர் பாண் துண்டைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறீர். உண்மையான ஸ்கிக்காரன் என்று இந்தச் சனம் ஒத்துக்கொள்ள எங்கெங்கே போயிருக்க வேண்டும், எவ்வளவு காசு வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்.

காசுக் கதையை முதலில் முடிப்போம். கடன் அட்டையை வெளியே எடுக்க வேண்டாம். அந்த மேசையில் உமது காதில் விழுவது இரண்டு வேறு விஷயங்கள். இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் உமக்கு மலைப்பாக இருக்கிறது.

நாங்கள் தமிழில் பனிச்சறுக்கு என்கிறோம். சறுக்குவது என்றால் எங்களுக்கு விழுவதற்கு ஒரு கணம் முந்திய நிலை. நோர்வேக்காரர் அப்படிச் சொல்வதில்லை. 'கோ பொ ஷீ' என்பார்கள். ஸ்கியில் நடப்பது என்று பொருள். (எழுத்தில் எப்படி இருந்தாலும் வாயில் அது 'ஷீ'தான். 'ஸ்கி' என்று சொன்னால் விளங்கும், ஆனால் ஒரு சின்னச் சிரிப்பு வரும். எங்களுக்குள் எழுதும்போது ஸ்கி என்றே வைத்துக்கொள்வோம்.) லிஃப்டில் மேலே போய்ச் சரிவில் வளைந்து வளைந்து இறங்குகிறார்களே, அதற்குப் பெரும்பாலும் 'ஸ்தோ', அதாவது நிற்பது என்ற சொல்லைப் பாவிப்பார்கள். ஹெம்செடாலும் த்ரீசிலும் பெரும்பாலும் நிற்பவர்களின் ஊர்கள். அங்கே லிஃப்டுக்குக் காசு, தங்குவதற்குக் காசு, பாரமான சப்பாத்துக்குக் காசு. நடப்பவர்கள் தாங்கள் போன இடத்தை மேசையில் பெரிதாகச் சொல்வதில்லை. அது அவர்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது, சொல்ல என்ன இருக்கிறது?

நான் 1987இல் வந்தவன். எங்கள் ஆட்கள் பலரைப் போல நானும் வடக்கே பின்மார்க்கில்தான் தொடங்கினேன். மூன்று வருஷம் ஒரு மீன் தொழிற்சாலையில் கொட் மீன் வெட்டினேன். நவம்பர் கடைசியில் போகிற சூரியன் ஜனவரியில்தான் திரும்பி வரும். கூட வேலை செய்த ஒருவர் தன் பழைய மர ஸ்கியைத் தந்து, போட்டுப் பார் என்றார். முற்றம் மேசை போலத் தட்டை. நான் நின்றேன், அவ்வளவுதான். காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு போய் மீன் பெட்டி அடுக்கில் சேர்த்தது. சிரிக்காத ஆளே இல்லை. அதற்குப் பிறகு பல வருஷம் ஸ்கி இருந்த பக்கமே நான் போகவில்லை.

திரும்பப் போக வைத்தது மகள். அப்போது ஒஸ்லோவுக்கு, க்ரூரூட் பக்கம் வந்துவிட்டோம். அவள் இரண்டாம் வகுப்பு. ஸ்கி நாள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம். ஸ்கி, தடி, சூடான குடிபானம் கொண்டு வரவும் என்றிருந்தது. என்ன உடுப்புப் போடுவது என்று அதில் ஒரு சொல் இல்லை. எல்லா வீட்டுக்கும் தெரியும் என்ற நினைப்பு. நாங்களும் கேட்கவில்லை. உள்ளே பருத்தி பெனியன், கீழே ஜீன்ஸ் போட்டு அனுப்பினோம். பின்னேரம் பிள்ளை நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி வந்து நின்றாள். குளிர் என்று சொல்லவில்லை. "அப்பா, எல்லாருக்கும் தெரிந்திருக்கு, எனக்கு மட்டும் தெரியேல்ல" என்றாள். எனக்கு அந்த மீன் பெட்டி அடுக்கு ஞாபகம் வந்தது.

ஆகவே தம்பி, முதல் பாடம் உடுப்பு. உடம்போடு ஒட்டி மெரினோ கம்பளி, அதன்மேல் காற்றுத் தடுக்கும் மெல்லிய மேலங்கி. பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு அப்படியே வைத்திருக்கும், நின்ற உடனே குளிர் எலும்பில் ஏறும். புறப்படும்போது கொஞ்சம் குளிர வேண்டும். வாசலிலேயே சூடாக இருந்தால் கூடப் போட்டுவிட்டீர்.

எனக்குப் பழக்கியவர் எங்கள் கட்டடத்து மேல்மாடியில் இருந்த ஒரு கிழவர். ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாலை ஏழு மணிக்கு மேல், பிள்ளைகள் போன பிறகு, விளக்குப் போட்ட தடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். முதல் நாள் முழுக்க விழப் பழக்கினார். பக்கவாட்டில், இடுப்பு முதலில், தடியை விலத்திப் பிடித்துக்கொண்டு. அப்புறம் எழும்ப. அடுத்த கிழமை மேட்டில் ஏற்றினார். நுனிகளை அகட்டி, வால்களை நெருக்கி, உள்விளிம்பில் மிதித்து ஏற வேண்டும். திரும்பிப் பார்த்தால் பனியில் மீன் முள்ளு வரைந்த மாதிரி இருக்கும். அதற்குப் பெயரே 'ஃபிஸ்கெபைன்', மீன்முள். இறங்கும்போது மறுவளம், நுனிகளை நெருக்கி வால்களை அகட்ட வேண்டும். அதற்குப் பெயர் 'ப்ளோக்', கலப்பை. எனக்கு அன்றைக்குத்தான் மனம் இளகியது. மீன் முள்ளும் கலப்பையும் யாழ்ப்பாணத்தானுக்குத் தெரியாததா?

ஸ்கி வாங்கப் புதுக்கடைக்குப் போக வேண்டாம். 'பூஆ' என்று விளையாட்டுச் சாமான் இலவசமாகக் கடன் கொடுக்கும் நிலையங்கள் இருக்கின்றன, முதலில் அங்கே எடும். பிடித்துப் போனால் ஃபின் என்கிற இணையத்தளத்தில் பழையது பாரும். உயரத்தைவிட உமது நிறைக்கு ஸ்கி பொருந்துகிறதா என்பதே முக்கியம். ஸ்கி நடுவில் வில் மாதிரி வளைந்திருக்கும். ஒரு காலில் முழுப் பாரத்தைப் போட்டு உதைக்கும்போது அந்த நடுப்பகுதி பனியைத் தொட்டுப் பிடிக்க வேண்டும், இரண்டு காலில் வழுக்கிப் போகும்போது தொடக் கூடாது. நிறை குறைந்தவர் இறுக்கமான ஸ்கியை வாங்கினால் உதை பிடிக்காது, பின்னுக்குத்தான் போவார்.

உதைக்கும்போது பனியைப் பிடிக்க அந்த நடுப்பகுதிக்குத்தான் மெழுகு பூசுவது. இனி மனிசி ஏன் சிரித்தாள் என்ற கதை. மெழுகு நிறம் நிறமாக வரும். பூச்சியத்துக்குக் கீழே சில பாகை என்றால் நீலம், கடும் குளிருக்குப் பச்சை, பூச்சியத்தை ஒட்டிய ஈரப் பனிக்குச் சிவப்பு. குளிரக் குளிர மெழுகு இறுக்கமாக இருக்க வேண்டும். உருகித் திரும்ப உறைந்த பனிக்கட்டித் தடத்துக்கு 'கிளிஸ்தர்' என்று ஒரு பசை. தேன் மாதிரி இருக்கும், தேனைவிட நூறு மடங்கு பிடிவாதம். நான் அதைக் குசினி மேசையில் வைத்துப் பூசினேன். மேசை, கதவுக் கைபிடி, தொலைபேசி, மகளின் தலைமுடி. மனிசி அன்றைக்குப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அதற்குப் பிறகும் அறிவு வரவில்லை. இன்னொரு நாள் புதுப்பனியும் நல்ல குளிரும் இருக்கச் சிவப்பைப் பூசிக்கொண்டு போனேன். பத்து அடிக்குள் ஸ்கிக்கு அடியில் உழுந்துவடை உழுந்துவடையாகப் பனி ஒட்டியது. வழுக்குவதற்குப் பதிலாகக் கட்டைக்காலில் நடந்து வீடு வந்தேன். மெழுகே தேவைப்படாத, நடுவில் ரோமப் பட்டி ஒட்டிய ஸ்கியில் நீர் தொடங்கும். கிழவர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

சரி, இடங்கள். கேட்டதால் சொல்கிறேன், ஆனால் என் வரிசை உமது மேசைக்காரரின் வரிசை அல்ல.

முதலில் தே-பானெ என்கிற நகர ரெயினின் 1ஆம் இலக்கப் பாதையில் கடைசி நிறுத்தம், ஃப்ரொங்நெர்சேட்டரென். ஞாயிறு காலையில் பெட்டி முழுக்க ஸ்கியும் தடியும், முதுகுப் பைக்குள்ளிருந்து தோடம்பழ வாசமுமாக இருக்கும். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து வார இறுதியில் கார் ஓட்டத் தடை போட்டபோது மன்னர் ஐந்தாம் ஓலாவும் இந்தப் பாதையில் ஸ்கியோடு ரெயின் ஏறித்தான் போனார். கட்டணம் கொடுக்கக் கை நீட்டுகிற மாதிரி ஒரு படம் இருக்கிறது. உமது மேசையில் உள்ள அத்தனை பேரும் பார்த்திருப்பார்கள். ஒரு நாட்டு மன்னர் ஸ்கிக்குப் போகிறார் என்றால் தலைநகரத்து மலைக்காட்டுக்குத்தான் போகிறார், நகர ரெயினில்.

போகிற வழியில் ஹொல்மென்கொல்லென். 1892இலிருந்து ஸ்கிப் பாய்ச்சல் போட்டி நடக்கிற குன்று. மார்ச்சில் போய் நின்று பாரும், அவ்வளவு போதும்.

அடுத்து, குளிர்காலமே இல்லாவிட்டாலும் போய்ப் பார்க்கச் சொல்வது தெலெமார்க்கில் உள்ள மோர்கெடால். 1825இல் அங்கே பிறந்த சொண்ட்ரெ நூர்ஹைம் காணியில்லாத ஏழைக் குடியானவர். காலை ஸ்கியோடு பிணைக்க, குதிக்காலையும் சுற்றிப் பிடிக்கிற கட்டு ஒன்றைச் செய்தார். அதுவரை பாய்ந்தால் ஸ்கி கழன்று போகும். இந்தக் கட்டோடு பாயவும் முடிந்தது, திரும்பவும் முடிந்தது. 1952 ஒஸ்லோ குளிர்கால ஒலிம்பிக்குக்குத் தீபம் ஏற்றியது அவர் வீட்டு அடுப்படியில். 1911இல் அமுண்ட்சென் தென்துருவத்தை அடைந்தபோது கூட இருந்த நால்வரில் ஒருவரான பியோலாண்டும் இதே சின்ன ஊர்க்காரர். ஆனால் எனக்குப் பிடித்தது நூர்ஹைமின் கடைசிப் பகுதி. பிழைப்புத் தேடி 1884இல் அமெரிக்காவுக்குப் போனார். 1897இல் வட டகோட்டாவில் இறந்தார். போய்ப் படத்தில் பாரும், அங்கே கண்ணுக்கெட்டிய வரை சமவெளி. நவீன ஸ்கியின் தகப்பன் என்கிறார்களே, அவர் வயது போன காலத்தில் இருந்த இடம் அது. உமது மேசையில் 'எங்கே ஸ்கி போனீர்?' என்று அவரிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

பிர்கெபைனர் என்கிற ஸ்கி ஓட்டத்தைப் பற்றியும் யாராவது சொல்லுவார்கள். ரேனாவிலிருந்து லில்லஹாமர் வரை 54 கிலோமீற்றர், முதுகில் குறைந்தது 3.5 கிலோ. அந்தப் பாரம் ஒரு பிள்ளைக்குப் பதில். 1206இல், உள்நாட்டுச் சண்டை நேரம், இரண்டு வயதுகூட ஆகாத அரச குழந்தை ஹோகொனை இரண்டு பேர் ஸ்கியில் தூக்கிக்கொண்டு மலை கடந்து தப்பினார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடின கதையை எங்கள் சனத்துக்கு விளக்கத் தேவையில்லை. நான் அந்த ஓட்டத்தில் ஓடியதில்லை, ஓடப் போவதுமில்லை.

உயர மலைக்கு இரண்டு மூன்று குளிர்காலம் போன பிறகு போம், தனியாக வேண்டாம். கிழவரோடு ஒரு ஈஸ்டருக்கு ஃபின்ஸெ போனேன். பேர்கன் ரெயின் பாதையில் 1222 மீற்றர் உயரத்தில் இருக்கிற நிலையம், றோட்டே இல்லை. அங்கிருந்து அடுத்த குடிசைக்கு வழிகாட்டப் பனியில் தடி நட்டிருப்பார்கள். பாதி வழியில் மூட்டம் வந்தது. அடுத்த தடி தெரியவில்லை, வானமும் நிலமும் ஒரே பால். எனக்கு இன்னும் மூச்சு இருந்தது, போவோம் என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. ஸ்கியைத் திருப்பினார். எண்பது வயதை நெருங்கியவர், அந்தப் பாதையில் எத்தனை தரம் போனவரோ. பிறகு நிலையத்தில் இருந்து குவிக் லுன்ஷ் உடைத்தோம். 1937இலிருந்து வருகிற சொக்லட், ஈஸ்டரும் அதுவும் இங்கே பிரியாது. உறையின் உட்பக்கத்தைக் காட்டி வாசிக்கச் சொன்னார். மலைக்குப் போவோருக்கான விதிகள் அச்சடித்திருந்தன. எட்டாவது விதி, நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கம் இல்லை என்கிறது. 1967 ஈஸ்டரில் மலைகளில் 18 பேர் இறந்த பிறகு இந்த விதிகளை நாடு முழுக்கப் பரப்பினார்கள். என்னைக் கேட்டால், நான் பார்த்த உண்மையான ஸ்கிக்காரர் அந்தக் கிழவர்தான். த்ரீசிலுக்கு அவர் ஒருநாளும் போனதில்லை.

உமக்கு இப்போதைக்கு லில்லோமார்க்கா போதும். அம்மெரூட் நிலையத்தில் இறங்கினால் கொஞ்ச நடையில் காடு. அங்கிருந்து லில்லோசேட்டர் என்கிற காட்டுச் சாப்பாட்டுக் குடில் வரை ஏற்றம்தான் கூட, மீன்முள் போட்டு ஏற வேண்டியிருக்கும். மேலே வாஃபலும் பிளாக்கரண்ட் சூட்டுப் பானமும் கிடைக்கும். தடத்தில் வலப்பக்கம் நில்லும், விழுந்தால் கெதியாக விலகும், சப்பாத்துக் காலோடு தடக் கோட்டில் மட்டும் மிதிக்காதீர். இங்குள்ளவர்கள் சத்தமாகக் கோபிப்பது அபூர்வம், அதற்குக் கோபிப்பார்கள். முழங்காலின் சம்மதம் இருந்தால் நானும் வருகிறேன், ஞாயிறு பத்து மணி. வெறுந்தேத்தண்ணியும் றோல்ஸும் மனிசி கட்டித் தருவாள். கம்பளி உடுப்பு உமது பொறுப்பு.

திங்கட்கிழமை மேசையில் யாராவது வார இறுதியைக் கேட்டால், லில்லோசேட்டர் போனேன் என்று மட்டும் சொல்லும். எத்தனை தரம் விழுந்தீர் என்று கேட்க மாட்டார்கள். 'ஃபோரெ எப்படி?' என்று கேட்பார்கள். பனியின் நிலைமை என்று அர்த்தம். காலையில் இறுக்கம், மத்தியானத்துக்குப் பிறகு ஈரம் என்று சொல்லும். ஆல்ப்ஸுக்குப் போனவரும் பாணை வைத்துவிட்டு, என்ன மெழுகு போட்டாய் என்று கேட்பார்.