சபைப் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கம்: வழக்குப் போடும் முன் கிளைகளை எண்ணிப் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப் பட்டணம் ஒன்றிலிருந்து வாசகர் ஒருவர் அனுப்பியுள்ள நீண்ட கடிதத்தின் சாரம் இது. அவருடைய தமிழ்ச் சபை, சங்கங்கள் சட்டத்தின்கீழ் தனியொரு சங்கமாகப் பதிவு பெற்றது. முன்னாள் பொருளாளரான அவர் கட்டட நிதிக் கணக்கைக் கேட்கப்போய், போதகருக்கும் அவருக்கும் பகை மூண்டது. ஆறு மாதங்களாக ஆராதனைக்கு வரவில்லை, தசமபாகம் செலுத்தவில்லை என்று காரணம் காட்டி, ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குச் சில வாரங்களுக்கு முன் அவரையும் வேறு பதினொரு குடும்பங்களையும் செயற்குழு பதிவேட்டிலிருந்து நீக்கிவிட்டது. யாரிடமும் விளக்கம் கேட்கவில்லை. அவர்கள் இல்லாமலேயே பொதுக்கூட்டமும் செயற்குழுத் தேர்தலும் நடந்து முடிந்துவிட்டன. நீக்கப்பட்டவர்களையும், தம் பக்கம் நிற்கும் மூன்று கிளைச் சபைகளையும் சேர்த்துத் தனியாகப் பொதுக்கூட்டம் நடத்திப் புதிய செயற்குழுவைத் தேர்ந்தெடுத்து, அதை வங்கிக்கும் சங்கப் பதிவிலாகாவுக்கும் அறிவித்துவிட்டுப் போதகர்மீது வழக்குத் தொடுக்கலாமா என்று கேட்கிறார்.

ஐயா,

உங்கள் கடிதத்தின் முக்கால் பங்கை ஓரமாக வைத்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. போதகர் பிரசங்கத்தில் உங்களை, மோசேக்கு எதிராகக் கலகம் செய்த கோராகின் கூட்டத்தோடு ஒப்பிட்டதும், தாயாரின் நினைவு ஆராதனைக்கு வர மறுத்ததும், தாத்தா மண் சுமந்து கட்டிய ஆலயத்தின் வாசலில் பேரனை நிறுத்தியதும் மனத்தைப் புண்படுத்துபவைதான். ஆனால் அவற்றில் எதுவும் வழக்குரிமையைத் தருவதில்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 11(3)ஆவது விதி ஒவ்வொரு சமயப் பிரிவுக்கும் தன் சமயக் காரியங்களைத் தானே நிர்வகித்துக்கொள்ளும் உரிமையைத் தருவதால், யாருக்கு நினைவு ஆராதனை நடத்த வேண்டும், யாருக்குத் திருவிருந்து கொடுக்க வேண்டும் என்று எந்த நீதிபதியும் போதகருக்கு உத்தரவிடப் போவதில்லை. அவதூறு வழக்கு என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். இரு தரப்பு வழக்கறிஞர்களும் ஈப்போ நீதிமன்றத்தில், கோராகின் கதை வரும் எண்ணாகமத்துக்கு வியாக்கியானம் சொல்லிக்கொண்டிருக்க, அதற்கான செலவை நீங்கள் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். கட்டட நிதிக் கணக்கும் இப்போதைக்குப் பேச்சில்லை; கணக்கைப் பார்க்கும் உரிமை உறுப்பினருக்கு உரியது, நீங்கள் உறுப்பினரா என்பதே இன்னும் தீராத கேள்வி.

சட்டம் பார்ப்பது ஒன்றைத்தான்: பதிவிலாகாவின் அங்கீகாரம் பெற்ற விதிகளின்படி உங்களை நீக்கும் அதிகாரம் செயற்குழுவுக்கு இருந்ததா, இருந்தால் அந்த விதிகள் சொல்லும் முறையில் அது நடந்ததா? நீங்கள் இணைத்திருப்பதோ சபையின் உறுப்பினர் உடன்படிக்கையின் நகல். ஆராதனைக்குத் தவறாமல் வருவேன், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுப்பேன், மூப்பர்களின் ஆலோசனைக்குக் கீழ்ப்படிவேன் என்று ஞானஸ்நானத்துக்குப் பிறகு நீங்கள் கையொப்பமிட்ட தாள் அது. ஆவிக்குரிய வாழ்வில் அதற்கு எவ்வளவு கனம் இருந்தாலும், சங்கத்துக்கும் உறுப்பினருக்கும் இடையிலான ஒப்பந்தமாக நீதிமன்றம் எடுத்துக்கொள்வது பதிவு பெற்ற விதிகளைத்தான். விதிகளைத் திருத்துவதென்றால் சங்கங்கள் சட்டத்தின் 11ஆவது பிரிவின்படி பதிவதிகாரியின் முன் அனுமதி வேண்டும். எனவே உடன்படிக்கையில் மட்டும் இருந்து விதிகளில் இல்லாத ஒரு கடமையைக் காட்டி ஒருவரைப் பதிவேட்டிலிருந்து நீக்குவது கடினம். விதிகள் மாதச் சந்தாவை மட்டும் சொல்லி, தசமபாகத்தைப் பற்றி மௌனமாக இருந்தால், தசமபாகம் செலுத்தாதது நீக்கத்துக்குக் காரணமாகாது. ஆனால் "செயற்குழு அவ்வப்போது வகுக்கும் நிபந்தனைகளுக்கு உறுப்பினர்கள் கட்டுப்பட வேண்டும்" என்பதுபோல் ஒரு வரி விதிகளில் இருந்தால், உடன்படிக்கை அந்த வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். ஆகவே பதிவிலாகாவின் அங்கீகாரம் பெற்ற விதிகளின் நகலை முதலில் கையில் எடுங்கள். செயலாளர் கொடுக்க மறுத்தால் பதிவிலாகாவிலேயே விண்ணப்பிக்கலாம்.

எட்டு மாதங்கள் "எதிர்ப்பைக் காட்டுவதற்காக" ஆராதனைக்குப் போகவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது உங்களுக்குப் பாதகமான வாக்குமூலம். இருப்பினும், விதிகள் விசாரணையைப் பற்றி எதுவும் சொல்லாவிட்டாலும்கூட, குற்றச்சாட்டைத் தெரிவித்துப் பதில் சொல்ல வாய்ப்புத் தராமல் ஒருவரை நீக்குவது இயற்கை நீதிக்கு விரோதம் என்ற நிலைப்பாடு சங்க வழக்குகளில் உறுதியானது. அரசியல் கட்சிகளின் உட்கட்சித் தீர்மானங்களை நீதிமன்றம் கேள்வி கேட்கக்கூடாது என்று சொல்லும் 18சி பிரிவை எதிர்த்தரப்பு உங்களிடம் காட்டினால், அது கட்சிகளுக்கு மட்டுமே உரியது, சபைகளுக்குப் பொருந்தாது. விதிகளில் பொதுக்கூட்டத்துக்கு மேல்முறையீடு செய்யும் வழி இருந்தால் அதை முடித்துவிட்டுத்தான் நீதிமன்றம் போக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஆக, நீக்கம் செல்லாது என்ற வாதத்தில் உங்களுக்கு நல்ல இடம் இருக்கிறது. ஆனால் வென்றால் கிடைப்பது என்ன? நீங்கள் இன்னும் உறுப்பினரே என்ற பிரகடனம். மறுவாரமே செயற்குழு முறையாக அறிவிப்புக் கொடுத்து, உங்களை அழைத்து, நீங்கள் சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மறுபடியும் நீக்கலாம். விதிகளில் அதற்குக் காரணமும் அதிகாரமும் இருந்து, முறையும் சரியாக இருந்தால், அதைத் தடுப்பது நீதிமன்றத்துக்கு எளிதல்ல.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை உண்மையாகவே கவலைப்பட வைத்த வரிக்கு வருகிறேன். அக்கம்பக்கத்து மூன்று தோட்டங்களில் உங்கள் சபைக்குக் கிளைகள் இருப்பதாகவும், ஒவ்வொன்றுக்கும் சொந்தச் செயற்குழுவும் வங்கிக் கணக்கும் இருப்பதாகவும், அவற்றின் பேராளர்கள் ஆண்டுதோறும் பொதுக்கூட்டத்தில் வாக்களிப்பதாகவும், அவர்கள் அனைவரும் உங்கள் பக்கம் இருப்பதாகவும் பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கிளைகளுக்குப் பதிவிலாகாவின் அனுமதி வாங்கப்பட்டதா என்று கடிதத்தில் ஓர் இடத்திலும் இல்லை. தோட்டச் சபைகளில் நான் பார்த்த வரையில், ஒரு வீட்டு ஜெபக்கூட்டம் வளர்ந்து, செயலாளர் வைத்து, ரசீதுப் புத்தகம் அச்சடித்து, பெயர்ப்பலகை மாட்டும் வரை யாருக்கும் அனுமதியின் நினைவே வருவதில்லை. முன் அனுமதியின்றி ஒரு சங்கம் கிளை அமைத்தால், அந்தக் கிளையோடு தாய்ச் சங்கமும் சட்டவிரோதச் சங்கமாகக் கருதப்படும் என்பது 12(3)ஆம் பிரிவு.

இதற்கு நாட்டில் மிகப் பெரிய உதாரணமே இருக்கிறது. 1987 ஏப்ரலில் நடந்த அம்னோ கட்சித் தேர்தலில் குறைகள் இருந்தன என்று சொல்லி, அதைச் செல்லாததாக்கக் கோரி அதன் உறுப்பினர்கள் பதினொரு பேர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பதிவு பெறாத கிளைகளிலிருந்து பேராளர்கள் வந்தார்கள் என்பதுதான் அவர்களுடைய வாதத்தின் வலுவான பகுதி. வாதம் மிக நன்றாகவே எடுபட்டது: 1988 பிப்ரவரி 4ஆம் தேதி நீதிமன்றம் தேர்தலைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்குப் பதிலாக அம்னோவையே சட்டவிரோதச் சங்கம் என்று அறிவித்துவிட்டது. ஆட்சியிலிருந்த கட்சி புதிய பெயரில் மறுபிறவி எடுத்துக்கொண்டது. உங்கள் சபைக்கு அந்த வசதி இருக்காது. சட்டவிரோதச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பதே குற்றம் என்பதால், உறுப்பினர் என்ற பிரகடனத்தைக் கேட்டுப் போகும் நீங்கள் எதை உறுதிப்படுத்தும்படி கேட்கிறீர்கள் என்பதை ஒரு கணம் யோசித்துப் பாருங்கள்.

போட்டிப் பொதுக்கூட்டம் நடத்துவது சபையின் அழிவுக்கு இதைவிடக் குறுகிய பாதை. என் அலுவலகத்துக்கு வந்து போன சபைக்காரர்கள் பெரும்பாலோர் விழுந்த குழி இதுதான், அநேகமாக எல்லாரும் ஒரே மாதிரிதான் விழுகிறார்கள். பதிவேட்டில் பெயரில்லாதவர்கள் கூட்டும் கூட்டம் விதிகளின்படி செல்லாது என்பது ஒருபுறம் இருக்கட்டும். இரண்டு செயலாளர்கள் இரண்டு பட்டியல்களை அனுப்பும்போது, யார் உண்மையான பொறுப்பாளர் என்று திருப்தியடைய முடியாத பதிவதிகாரி, 16ஆவது பிரிவின்கீழ் ஒரு கடிதம் அனுப்புவார்: ஒரு மாதத்துக்குள் தகராறு தீர்ந்ததற்கு அல்லது தீர்க்க நடவடிக்கை தொடங்கியதற்கு ஆதாரம் காட்டுங்கள். அந்த ஒரு மாதத்தில் இரு தரப்பும் செய்வது என்ன? மற்றவரைக் குறைகூறி இன்னும் தடித்த கோப்புகளை அனுப்புகிறார்கள். ஒவ்வொரு கோப்பும் தகராறு தீரவில்லை என்பதற்கு இன்னுமோர் ஆதாரம். இதற்கிடையில் வங்கி, இரண்டு தரப்புக் கடிதங்களையும் பார்த்துவிட்டுக் கணக்கை நிறுத்திவைக்கும். போதகரின் சம்பளமும் நிற்கும், மின்கட்டணமும் நிற்கும், கல்லறை நிலத்துப் புல் வெட்டுபவருக்குக் கொடுக்கும் காசும் நிற்கும். ஆதாரம் வராவிட்டால் பதிவு ரத்து. ரத்தானால் 17ஆவது பிரிவின்படி சங்கத்தின் சொத்து அனைத்தும் திவால் இலாகாவின் தலைமை இயக்குநரிடம் போய்ச் சேரும். நீங்கள் கணக்குக் கேட்ட கட்டட நிதியும் அதில் அடக்கம்.

உங்கள் விவகாரத்தில் இது மற்றவர்களுக்கு நேர்ந்ததைவிட மோசமாக முடியும் என்று நினைப்பதற்குக் காரணம் நிலம். ஆலயம் நிற்பது தோட்டக் கம்பெனியின் பட்டா நிலத்தில். அக்காலத்து மானேஜர் வாய்மொழியாகச் சம்மதித்ததைத் தவிர வேறு ஆவணம் இல்லை. இப்போது தோட்டம் வீடமைப்பு நிறுவனத்துக்குக் கைமாறியிருக்கிறது. அந்த நிறுவனம் "சபைக்கு" மாற்று நிலம் தருவதாகச் சொல்லியிருக்கிறது. மூன்று தலைமுறையாக அங்கே இருக்கிறோம் என்பதால் உரிமை வந்துவிட்டது என்ற உங்கள் நம்பிக்கை தவறானது. தேசிய நிலச் சட்டத்தின் 341ஆவது பிரிவின்படி, எவ்வளவு காலம் அனுபவித்தாலும் பட்டாதாரரின் மீட்புரிமையை அது தடுக்காது. ஆகவே உங்கள் கையில் இருப்பது நிலம் தருவதாகச் சொன்ன வாய்ச்சொல் மட்டுமே, அதுவும் சபை என்ற பதிவு பெற்ற சங்கத்துக்குச் சொன்னது. 9ஆவது பிரிவின்படி சங்கத்தின் பெயரிலேயே பட்டா எழுத முடியும். ஆனால் அதற்கான பத்திரங்களில் மூன்று பொறுப்பாளர்கள் கையொப்பமிட வேண்டும், அவர்கள் பொறுப்பாளர்கள்தான் என்று பதிவதிகாரி சான்றளிக்க வேண்டும். தகராறு நிலுவையில் இருக்கும் சங்கத்துக்கு அந்தச் சான்றிதழ் கிடைக்காது. கூட்டம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது என்று தெரிந்ததும் நிறுவனத்தின் வழக்கறிஞர் எழுதப்போவது எனக்கு மனப்பாடம்: "தகுதியான பிரதிநிதியை நீதிமன்றம் தீர்மானிக்கும் வரை எம் கட்சிக்காரர் இச்சலுகையை நிறுத்திவைக்கிறார்." அவருக்கு அதைவிட நல்ல செய்தி வேறெதுவும் இருக்காது.

எனவே என் ஆலோசனை வெளிப்படையானது: சமரசம் செய்துகொள்ளுங்கள், வீடமைப்பு நிறுவனம் இந்தப் பிளவை அறிவதற்கு முன் செய்துகொள்ளுங்கள். போதகர்மீது கோபம் தணிந்த பிறகு என்று காத்திருக்க வேண்டாம். பன்னிரண்டு குடும்பங்களின் பெயரையும், எந்தத் தரப்பும் தவறை ஒப்புக்கொள்ளாமல், பதிவேட்டில் திரும்பச் சேர்ப்பது. பதிலுக்கு நடந்து முடிந்த தேர்தலை நீங்கள் கேள்வி கேட்காமல் அடுத்த பொதுக்கூட்டம் வரை ஏற்றுக்கொள்வது. உறுப்பினரை நீக்கும் விதியில் எழுத்துமூல அறிவிப்பையும் பதில் சொல்லும் வாய்ப்பையும் சேர்த்து, எத்தனை மாத வருகையின்மை நீக்கத்துக்குக் காரணமாகும், காணிக்கை ஒரு நிபந்தனையா இல்லையா என்பதையும் தெளிவாக எழுதித் திருத்தத்தைப் பதிவிலாகாவுக்கு அனுப்புவது. நிலப் பேச்சுக்கு இரு தரப்பிலிருந்தும் ஆட்களைப் போடுவது. கட்டட நிதிக்கு வெளியார் ஒருவர் தணிக்கை செய்யலாம். இதை எழுத்தில் எழுதிக் கையொப்பமிட வேண்டும்; பாஸ்டர் ஜெபத்தோடு கைகுலுக்கினார் என்பது அடுத்த ஆண்டு எதையும் நிரூபிக்காது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒரு வரியைச் சேர்க்க நீங்கள் விரும்புவீர்கள். வேண்டாம். மற்ற நிபந்தனைகளில் ஏறக்குறைய உடன்பாடான பேச்சுகளும் அந்த ஒரு வரியில்தான் முறிகின்றன.

கிளைகளைப் பற்றிப் பேசாமல் மறைத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. சத்தியப் பிரமாணத்தில் பொய் சொல்வது வேறொரு குற்றம். அதைச் சொல்ல வேண்டிய இடத்துக்குப் போவதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள் என்கிறேன். மூன்று தோட்டங்களிலும் தனிச் செயற்குழுவைக் கலைத்து, தனிக் கணக்கை மூடி, தாய்ச் சபையின் கீழ் நடக்கும் ஜெபக்கூட்டங்களாக அவற்றைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அவை உண்மையிலேயே கிளைகளாக வேண்டுமென்றால், முறையாக விண்ணப்பித்து அனுமதி கிடைத்த பிறகு ஆகட்டும். அனுமதியில்லாத கிளைகள் என்ற இந்தச் சிக்கலுக்கு உங்களைவிடப் போதகர் அதிகம் அஞ்ச வேண்டியிருப்பதால், அவரைப் பேச்சு மேசைக்குக் கொண்டுவரப் போவதும் இதுதான். ஆனால் மிரட்டலாகச் சொல்லாதீர்கள். உங்கள் பெயரும் அதே பதிவேட்டில்தான் இருந்தது.

பேச்சு முறிந்தால், மேல்முறையீட்டு வழி இருக்குமானால் அதை எழுத்தில் முடித்துவிட்டு, உங்கள் நீக்கம் ஒன்றை மட்டும் எதிர்த்து, சபையின் சார்பில் வழக்காடப் பதிவு பெற்றவரைப் பிரதிவாதியாக்கி, பிரகடனம் கோரி மனுச் செய்யலாம். அந்த மனுவில் பொதுக்கூட்டத்தைச் செல்லாததாக்கும்படி கேட்காதீர்கள். கேட்டால், அந்தக் கூட்டத்தில் யார் யார் எந்தத் தகுதியில் வாக்களித்தார்கள் என்பதுதான் முதல் விசாரணையாக இருக்கும்.